விரல் போகும் இடம்

பூட்ஸின் வெல்க்ரோ ஒட்டுப்பட்டையில் சிக்கிய வைக்கோல் துரும்புகளை விரலக்கா பல் உடைந்த பழைய சீப்பால் வாரிக்கொண்டிருந்தார். தன் தலையைச் சீவ அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. கையால் கோதி ஒரு கொண்டை போட்டுக்கொள்வதோடு சரி. குதிரையின் பூட்ஸுக்கு மட்டும் சீப்பு உண்டு. கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, பூட்ஸை முழங்காலில் கிடத்தி, பேன் பார்க்கிறவரைப் போலக் கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு துரும்பாகக் கிள்ளி எடுத்து ஊதிவிட்டார். முன்பெல்லாம் இந்த வேலை எப்போதாவது நடக்கும். இப்போது காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. "என்னக்கா, பூட்ஸுக்குக் கல்யாணமா?" என்று தீவன மூட்டை இறக்க வந்தவர் கேட்டுவிட்டுப் போனார். விரலக்கா சிரிக்கவில்லை.

விரலக்கா என்பது லாயத்தார் வைத்த பெயர். குதிரையின் காலில் எதைக் கட்டினாலும், கட்டி முடித்ததும் தன் ஆள்காட்டி விரலை வாருக்கும் காலுக்கும் நடுவே நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். விரல் தாராளமாகப் போனால் தளர்வு. போகவே மறுத்தால் இறுக்கம். உரசிக்கொண்டு போனால் சரி. "விரல் மூச்சு விடணும்" என்பது அவர் சொல்லும் அளவு. காலோடு நிற்காது அந்த விரல். சேணத்தின் வயிற்று வாரில் நுழையும், குதிரையின் முகவாரில் நுழையும், சாக்கு மூட்டையின் கட்டில் நுழையும். கணவர் வேலைக்குக் கிளம்பும்போது அவருடைய இடுப்பு பெல்ட்டிலும் ஒருநாள் நுழைந்துவிட்டது. "நான் என்ன குதிரையா?" என்று கணவர் கேட்டதற்கு, "குதிரையா இருந்தா எப்பவோ தளர்த்தியிருப்பேன்" என்று பதில் வந்ததாம்.

ஐம்பதைத் தாண்டிய உடம்பு. முழங்கால் மடங்கும்போது ஒரு சத்தம், நிமிரும்போது ஒரு சத்தம். வலது கான்வாஸ் ஷூவின் முனை தட்டையாக நசுங்கியிருக்கிறது; குதிரை மிதித்த இடம். அந்தக் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்து, முளைத்து, மறுபடி கறுத்திருக்கிறது. குதிரைக்கு நாலு காலுக்கும் காப்பு வாங்க ஆள் உண்டு. இந்த இரண்டு காலுக்கு என்ன வேண்டும் என்று அந்த லாயத்தில் இதுவரை யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவருக்கே தோன்றியதில்லை என்பதுதான் இதில் எரிச்சலான விஷயம்.

அவர் பார்த்துக்கொள்ளும் குதிரை ஒரு பழுப்புநிறப் பெண்குதிரை. பதிவுப் பத்திரத்தில் அதற்கு வாயில் நுழையாத நீளப்பெயர் ஒன்று உண்டு. விரலக்காவுக்கு அது சீமாட்டி. "சேத்துல கால் வைக்கமாட்டா. தண்ணி தேங்கியிருந்தா நின்னு என் மூஞ்சியப் பாப்பா. நான் என்ன, முந்தானையா விரிக்க முடியும்?" என்பார். மனிதர்களிடம் அளந்து பேசுகிறவர் சீமாட்டியிடம் மட்டும் விடாமல் பேசுவார். பெரும்பாலும் திட்டுத்தான்.

சீமாட்டியின் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். நாற்பது வயதுப் பெண். ஊரார் வாய்களுக்குள் குனிந்து குனிந்து முதுகு வலித்துப்போனவர், தனக்கென்று ஒரு ஆசை வேண்டும் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து வாங்கிய குதிரை. தடைதாண்டும் போட்டிகளில் தானே ஏறி ஓட்டுவார். லாயத்துக்கு வரும்போது முதலில் "அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் குதிரையைப் பார்ப்பார். அன்றைக்குக் காலை அவர் விரலக்காவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போவதாக இருந்தது. சீமாட்டிக்குப் புதுப் பூட்ஸ் வாங்க வேண்டும். டாக்டரின் இடது மணிக்கட்டு உடைந்து, கட்டுப்போட்டுக் கழுத்திலிருந்து தொங்கியது. அது உடைந்த கதையும் பூட்ஸ் கதையும் ஒன்றுதான்.

தாண்டும் குதிரைக்கு முன்னங்காலுக்கு ஒரு வகைப் பூட்ஸ், பின்னங்காலுக்கு வேறு வகை. தாண்டி இறங்கும் வேகத்தில் பின்னங்குளம்பு வந்து முன்னங்காலின் பின்புற நரம்பில் இடித்துவிடும். அதனால் முன்னங்கால் பூட்ஸுக்குப் பின்பக்கம் கெட்டியான ஓடு இருக்கும். முன்பக்கம் திறந்தே கிடக்கும். தடைக்கம்பில் கால் பட்டால் குதிரைக்கு உறைக்க வேண்டும், உறைத்தால்தான் அடுத்த முறை காலை மடக்கும் என்பதற்காக வைத்த திறப்பு அது. காப்பு என்று பெயர் வைத்து, அதிலேயே வலி உள்ளே வர ஒரு வாசலும் வைத்திருக்கிறார்கள். விரலக்காவுக்கு இதில் முழுச் சம்மதமும் இல்லை, முழு மறுப்பும் இல்லை. கம்பு பட்டும் வலி தெரியாமல் வளர்ந்த குதிரை ஒருநாள் கம்போடு சேர்ந்து தலைகுப்புற விழுவதை அவர் பார்த்திருக்கிறார். அதனால் ஒரு எல்லை போட்டு வைத்திருந்தார். "கம்பு தட்டி வலிச்சா அது கம்புக்கும் குதிரைக்கும் உள்ள வழக்கு. நடுவுல நாம பூந்து கிள்ளக்கூடாது."

பின்னங்கால் பூட்ஸ் குட்டையானது. ஒரு குளம்பு இன்னொரு கணுக்காலை வெட்டிவிடாமல் உள்பக்கத்தை மறைக்கும், அவ்வளவே அதன் வேலை. தொல்லை அங்கேதான் தொடங்கியது.

கொஞ்ச காலமாகச் சீமாட்டி பின்னங்காலால் கம்பைத் தட்டத் தொடங்கியிருந்தது. முன்னங்கால் அழகாக மடங்கிப் போகும்; பின்னங்கால் சோர்ந்து வந்து கம்பை உருட்டிவிடும். பயிற்சியாளர் ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதிவிட்டார்: சோம்பேறி. உலகத்தில் இந்தச் சொல்லைப் போல மலிவான சொல் வேறு கிடையாது. சுமக்கிறவன் ஏன் தள்ளாடுகிறான் என்று விசாரிக்க நேரமில்லாதவர்கள், எப்போதும் அவன்மேல் எறிவதற்குத் தயாராகக் கையில் வைத்திருக்கும் கல் அது. எறிந்துவிட்டால் விசாரணை முடிந்தது.

பயிற்சியாளரும் கொடியவர் அல்ல. வெயிலில் வெளுத்த தொப்பி, கழுத்தில் விசில், தானும் ஒருகாலத்தில் தாண்டி விழுந்ததால் சாய்ந்த இடுப்பு. மாணவர்கள் ஜெயித்தால் கண் கலங்குவார். ஆனால் அவருக்குத் தெரிந்த பாடம் ஒன்றுதான். "வலிச்சாதான்க்கா மண்டையில ஏறும். நாங்கல்லாம் அப்படித்தான் படிச்சோம்" என்பார். அடி வாங்கிப் படித்தவர்கள் பாடத்தை மறந்துவிட்டு அடியை மட்டும் நினைவு வைத்துக்கொள்கிறார்கள். அவர் சீமாட்டியின் பின்னங்கால் பூட்ஸை இறுக்கினார். வார் நரம்பில் கவ்வ, குதிரை அதை உதறப் பார்க்கும். உதறும் அந்த உதைப்பில் பின்னங்கால் கம்புக்கு மேலே எகிறிப் போகும். பார்க்கிறவர்கள் கை தட்டுவார்கள். போட்டி நாளில் பரிசோதகர் வந்து பூட்ஸைத் தொட்டுப் பார்ப்பார் என்பதால் அன்றைக்கு மட்டும் நியாயமான இறுக்கம். பயிற்சி மைதானத்துக்குப் பரிசோதகர் யாரும் வருவதில்லை. சட்டம் வந்து நிற்கும் நாள் ஒன்று, உடம்பு வலிக்கும் நாட்கள் மற்றவை எல்லாம்.

விரலக்கா டாக்டரிடம் சொல்லிப் பார்த்தார். "ரொம்ப இறுக்கமா இருக்கும்மா, விரலே போகலை." டாக்டர் யோசித்துவிட்டு, கோச்சைக் கேளுங்கள் என்றார். இன்னொரு நாள் மறுபடி சொன்னார். அதே பதில். படித்தவர்களுக்கு இது ஒரு வசதி. எந்தக் கேள்வியையும் அதற்கென்று இருக்கிற ஆளிடம் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கோச்சிடம் கேட்டதற்கு, "நீங்க லாயத்தைப் பாருங்கக்கா, மைதானத்தை நான் பாக்கறேன்" என்று பதில் கிடைத்தது.

அதற்குமேல் அவர் யாரிடமும் கேட்கவில்லை. பயிற்சியாளர் இறுக்கிவிட்டு மைதானத்தின் நடுவே போய் நிற்பார். குதிரை மைதான வாசலைத் தாண்டும் முன் விரலக்கா, "இரும்மா, கால்ல மண்ணு ஒட்டியிருக்கு" என்று குனிவார். மண்ணைத் தட்டுகிற கை வாரையும் தொடும். சர் என்று ஒரு சின்னச் சத்தம். பிறகு விரல் உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றி வரும். சீமாட்டி மூக்கால் ஒரு பெருமூச்சு விடும். மைதானத்தின் நடுவிலிருந்து பயிற்சியாளர், "இன்னிக்கும் தூக்க மாட்டேங்குது பாரு, கொழுப்பு" என்று கத்துவார். மறுநாள் இன்னும் இறுக்குவார். மறுநாள் இவரும் குனிவார். குதிரையின் காலில் மாதக்கணக்காக நடந்த இந்த வழக்கு குதிரையைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ஒருநாள் காற்று அடித்தது. விரலக்கா பூட்ஸைக் கழுவி வைக்கோல் கட்டின் மேல் உலர வைத்திருந்தார். வைக்கோல் பொடி ஒட்டுப்பட்டைக்குள் புகுந்துகொண்டது. அவசரத்தில் வாரவில்லை. பயிற்சியாளர் இறுக்கியபோது பலத்தைப் போட்டு அழுத்தியதால் பட்டை ஒட்டிக்கொண்டது. வாசலில் விரலக்கா பிரித்து மறுபடி ஒட்டியபோது பாதிதான் ஒட்டியது. அவருடைய விரல் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தது. தளர்வாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டது. எப்போதும் எச்சரிக்கிற விரல் அன்றைக்கு ஏமாந்தது.

இரண்டு தடைகளைச் சீமாட்டி தாண்டியது. மூன்றாவதில் இறங்கியபோது இடது பின்னங்கால் பூட்ஸ் அவிழ்ந்து குளம்பில் வந்து மாட்டிக்கொண்டு படபடத்தது. எதுவோ காலைப் பிடித்துவிட்டது என்று பயந்து குதிரை எகிறி எகிறி உதைத்தது. டாக்டர் அதன் தோளுக்கு மேலாகப் போய் மணலில் கையை ஊன்றி விழுந்தார். விரலக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பயிற்சியாளர்தான் ஓடிப்போய்த் தூக்கினார். பிறகு மணலில் வாயைப் பிளந்து கிடந்த பூட்ஸை எடுத்துப் புரட்டிப் பார்த்து, "பட்டை போச்சு. பழசு. தானா விட்டுடுச்சு" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருவர், நேரம் சரியில்லை என்றார். நேரத்தின்மேல் பழி போடுவதில் ஒரு சௌகரியம், அது எதிர்த்துப் பேசாது. விரலக்காவும் தலையை ஆட்டினார். அந்த ஒரு ஆட்டம் அன்றிலிருந்து கழுத்தில் கிடந்து கனத்தது.

வீட்டில் கணவரிடம் சொன்னார். அவர் ஒரு கிடங்கில் காவல் வேலை பார்க்கிறவர், பகலில் தூங்குகிறவர். கேட்டதும் தூக்கம் போய்விட்டது. "நீ யார்கிட்டயும் மூச்சு விடாதே. வேலை போனா இந்த ரூமும் போகும்" என்றார். அவர்கள் இருப்பது தீவனக் கிடங்குக்கு மேலே லாயத்தார் கொடுத்த அறை. கழிப்பறைக்குக் கீழே இறங்கித்தான் வரவேண்டும், ஜன்னலைத் திறந்தால் வைக்கோல் தூசி. ஆனாலும் வாடகை இல்லாத கூரை. ஐம்பது வயதுக்குமேல் ஒரு பெண்ணுக்கு இன்னொரு லாயத்தில் யார் வேலை தருவார்கள்? விரலக்கா மூச்சு விடவில்லை. பூட்ஸைச் சீவத் தொடங்கினார்.

கடைக்குப் போகவேண்டிய அந்தக் காலையில், அவர் சீவிக்கொண்டிருக்கும்போதே வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. டாக்டர் பின்னால் உட்கார்ந்திருந்தார். "அக்கா, பக்கத்துல வாங்க" என்று கூப்பிட்டார். விரலக்கா உடையில் ஒட்டிய முடியைத் தட்டிவிட்டு ஏறினார்.

குதிரைச் சாமான் விற்கும் கடை. தோலும் மெழுகும் கலந்த வாசனை. கல்லாவின் மேல் தொடையில் வெட்டிய பிளாஸ்டிக் குதிரைக்கால் ஒன்று நிற்கும். எந்தப் பூட்ஸையும் அதில்தான் மாட்டிக் காட்டுவார்கள். எவ்வளவு இறுக்கினாலும் முகம் சுளிக்காத கால். கடைக்காரருக்கு அதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடையாது.

கடைக்காரர் முதலில் நிறம் கேட்டார். டாக்டரின் சட்டைக்குப் பொருத்தமாக நீலம் வந்திருப்பதாகச் சொன்னார். முன்னங்காலுக்கானது சீக்கிரம் முடிந்தது. விரலக்கா கெட்டி ஓடு வளைகிறதா என்று பார்த்தார், உள்துணியைப் புறங்கையால் தேய்த்துப் பார்த்தார், ஓரத்தில் தையல் துருத்துகிறதா என்று நகத்தால் தடவினார். ஒன்றை ஒதுக்கினார், ஒன்றை எடுத்தார். இடையில் கடைக்காரர் வேறொரு ஜோடியைக் கொண்டுவந்து விரித்தார்.

"காந்தம் வச்சது மேடம். கட்டினா ரத்த ஓட்டம் சும்மா பிச்சுக்கும். வலி, வீக்கம் எல்லாம் காணாம போயிடும்."

டாக்டர் விரலக்காவைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரர் இதே மாதிரி ஒண்ணு என் முட்டிக்கு வாங்கியாந்தாரு" என்றார் விரலக்கா. "ரொம்ப நாள் கட்டிப் பாத்தேன். ரத்தம் எங்க ஓடுச்சுன்னு தெரியலை. பீரோ சாவி மட்டும் வந்து ஒட்டிக்கிச்சு."

டாக்டர் சிரித்துவிட்டார். கட்டுப்போட்ட கை குலுங்கி வலிக்க, வலியோடு சிரித்தார். விழுந்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்து விரலக்கா பார்த்தது அன்றுதான். விரலக்கா அந்தச் சிரிப்பிலிருந்து கண்ணை எடுத்து அலமாரிப் பக்கம் திரும்பினார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

பின்னங்கால் பூட்ஸ் என்றதும் கடைக்காரர் அலமாரிப் பக்கம் போகவில்லை. கல்லாவுக்குக் கீழே குனிந்து ஒரு பெட்டியை எடுத்தார். "கோச் போன் பண்ணிச் சொல்லிட்டாரு. உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்" என்றார். பளபளப்பான கறுப்பு. ஒரு வாருக்குப் பதில் இரண்டு வார், இரண்டுக்கும் கொக்கி. ஒருமுறை மாட்டினால் வாசலில் குனிந்து சட்டென்று பிரிக்க முடியாது. விரலக்கா விரலை உள்ளே விட்டார். உள்துணிக்கு அடியில், கணுக்காலின் உள்பக்கம் உட்காரும் இடத்தில், பாதிக் கோலிக்குண்டைக் கவிழ்த்து வைத்தாற்போல இரண்டு மேடுகள். விரல் அவற்றின் மேல் போய் நின்றது. அதற்குமேல் போகவில்லை.

டாக்டரும் பார்த்துவிட்டார். "உள்ள மேடா இருக்கே, எதுக்கு?"

"பிடிமானத்துக்கு மேடம். நழுவாது."

நல்ல சொல், பிடிமானம். கசாப்புக் கத்திக்கும் அது உண்டு.

"கோச்சும் அதான் சொன்னார்" என்றார் டாக்டர். "பழைய வார் தானா விட்டுடுச்சு, இது விடவே விடாதுன்னு. எனக்கு இதெல்லாம் புரியறதில்லை அக்கா. திரும்ப ஏறணும்னு நினைச்சாலே பயமா இருக்கு. உங்க விரல் சரின்னு சொன்னா வாங்கிடறேன்."

வேண்டாம் அம்மா, உறுத்தும் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். டாக்டர் கேட்டும் இருப்பார். ஆனால் அடுத்த வாரம் பயிற்சியாளர், மறுபடி நழுவினால் யார் பொறுப்பு என்பார். அதற்கு டாக்டரிடம் பதில் இருக்காது. பெட்டி கல்லாவுக்கு அடியிலிருந்து நேராகச் சீமாட்டியின் காலுக்குப் போகும். வார் தானாக விட்டது என்கிற பொய் உயிரோடு இருக்கும்வரை அந்த மேடுகளுக்கு வேலை இருக்கும். அந்தப் பொய்க்குத் தலையாட்டிச் சாட்சி சொன்னது தான்தான் என்பது விரலக்காவுக்குத் தெரியும். தீவனக் கிடங்குக்கு மேலே இருக்கும் அறை நினைவுக்கு வந்தது. கணவரின் வேலைச் சட்டை கொடியில் தொங்குவது நினைவுக்கு வந்தது. பூட்ஸுக்குள்ளிருந்து விரலை எடுத்தார்.

"தானா விடலைம்மா."

டாக்டருக்கு விளங்கவில்லை.

"நான்தான் தளர்த்தினேன். கோச் இறுக்குவாரு, நான் வாசல்ல குனிஞ்சு தளர்த்திடுவேன். ரொம்ப நாளா நடக்குது. அன்னிக்குப் பட்டையில வைக்கோல் இருந்துச்சு. நான் பாக்கலை. அதான் அவுந்துச்சு."

கடைக்காரர் பிரஷ்களை அடுக்கும் சாக்கில் கடையின் மறுகோடிக்குப் போய்விட்டார். டாக்டர் கட்டுப்போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே அக்கா."

"இறுக்கமா இருக்குன்னு சொன்னேன்மா. கோச்சைக் கேளுங்கன்னீங்க."

"தளர்த்தினதைச் சொல்லலையே."

"இல்ல. அதைச் சொல்லலை."

இருவர் சொன்னதும் சரியாகவே இருந்தது. டாக்டர் மெதுவாக, "நாலு பேர் வாய்க்குள்ள கையை விட்டுத்தான் நான் சோறு சாப்பிடறேன். இந்தக் கையை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்னு ராத்திரி முழுக்கத் தூங்காம கிடந்தேன்" என்றார். குரல் உயரவில்லை. விரலக்கா மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளைத் தேடினார். கிடைத்த எதுவும் அந்தக் கைக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. தட்டையாக நசுங்கிய ஷூ முனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி, அவ ஏன் கம்பைத் தட்டறா? அதையாவது சொல்லுங்க."

"தெரியலைம்மா. முதுகு வலியா இருக்கலாம். பல்லா இருக்கலாம். தாண்டறதே சலிச்சுப் போயிருக்கலாம். இறுக்கினா தூக்குவா, அது மட்டும் தெரியும். நம்மளை இறுக்கினா நாமளும் தூக்குவோம்."

டாக்டர் அந்தக் கறுப்புப் பூட்ஸைத் தன் பக்கம் இழுத்தார். நல்ல கையின் விரலை உள்ளே விட்டு, ஈறைத் தடவிப் பார்க்கிறவரைப் போல அந்த மேடுகளைத் தடவினார். பெட்டியை மூடிக் கடைக்காரர் பக்கம் தள்ளி, உள்ளே மேடு இல்லாதது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, அலமாரியில், எல்லோர் கண்ணிலும் படும்படி. மெத்தென்ற உள்துணி, அகலமான ஒரு வார். கறுப்பா பழுப்பா என்று கேட்டதற்கு, ஏதோ ஒன்று கொடுங்கள் என்றார்.

திரும்பும்போது விரலக்கா முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பின்னால் வரச் சொல்லி டாக்டர் கூப்பிடவில்லை. பாதி வழி தாண்டியபிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

"உங்களைப் போகச் சொல்லமாட்டேன் அக்கா. ஆனா இனிமே அவ கால்ல நீங்க எதையும் கட்டவேண்டாம். கோச் கட்டட்டும். விரல் போற அளவுக்குத்தான் கட்டணும்னு நான் சொல்லிடறேன். நானே பக்கத்துல நின்னு பாக்கறேன்."

"சரிங்கம்மா."

குதிரைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவர் குனிந்து குனிந்து திருட்டுத்தனமாகச் செய்தது இனி பகிரங்கமாக நடக்கும், உத்தரவோடு நடக்கும். அதில் அவருடைய கை மட்டும் இருக்காது. இதை அநியாயம் என்று சொல்லவும் வழியில்லை. உடைந்த மணிக்கட்டு பின்னாலேயே உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் கணவர் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்ததும் விரலக்காவின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "சொல்லிட்டியா?" என்றார். விரலக்கா தலையசைத்தார். ரூம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இருக்கிறது என்றதும் அவருக்குப் பாதி உயிர் வந்தது. அப்புறம் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டார். கட்டுகிற வேலை போய்விட்டது என்றார் விரலக்கா. "நல்லதாப் போச்சு, முட்டிக்கு ஓய்வு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார் கணவர். படியில் பாதி இறங்கியவர் திரும்பி மேலே வந்து, பெல்ட்டைக் காட்டி, சரியாக இருக்கிறதா பார் என்றார். மனைவியைச் சமாதானப்படுத்த அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். விரலக்கா பார்த்துவிட்டு, "இருக்கு, போங்க" என்றார். விரலை விட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை சாணம் அள்ளி, தண்ணீர் வைத்து, சீமாட்டியை வெளியே கொண்டுவந்து நிறுத்தினார். டாக்டர் தொங்கும் கையோடு ஓரத்தில் நின்றார். டாக்டரின் கை சேரும்வரை சீமாட்டியை ஓட்டிப் பழக்கப்போகிற பயிற்சியாளர் புதுப் பூட்ஸை எடுத்துக்கொண்டு வந்தார். அவரிடம் என்ன சொல்லப்பட்டது, எவ்வளவு சொல்லப்பட்டது என்பது விரலக்காவுக்குத் தெரியாது. அவர் விரலக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. சாய்ந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அப்பப்பா" என்று முனகியபடி மண்டியிட்டார். இத்தனை மாதம் வாரை இறுக்கிய காலுக்கு முன்னால் அவர் மண்டியிட்டது இல்லை. விரலக்கா பூட்ஸ் போட்டுவிட்டு நகர்ந்தபிறகு, வளைந்து வாரை இழுத்துவிட்டுப் போவதோடு சரி. பூட்ஸைக் கொஞ்சம் மேலே வைத்துக் கீழே வழுக்கினால்தான் முடி படியும் என்பது மறந்துபோய், நேராக வைத்தார். பிறகு நினைவு வந்து எடுத்து மறுபடி வைத்தார். சீமாட்டி காதைப் பின்னால் சாய்த்தது. தலையைத் திருப்பி, குனிந்திருக்கும் தொப்பியை முகர்ந்து பார்த்தது, பிறகு விரலக்காவைப் பார்த்தது.

"நேரா நில்லுடி. பெரிய இவ" என்றார் விரலக்கா.

பயிற்சியாளர் வாரை ஒட்டிவிட்டு, தன் தடித்த விரலை உள்ளே நுழைக்கப் பார்த்தார். பாதி போனது. "போதுமா மேடம்?" என்று டாக்டரைக் கேட்டார். டாக்டர் ஒருகணம் தயங்கி, இன்னும் கொஞ்சம் என்றார். சர் என்று அந்தச் சின்னச் சத்தம் கேட்டது. சீமாட்டி மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டது.

விரலக்கா குதிரையின் தலைப்பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். கண் எங்கோ வேலிக்கு அப்பால் இருந்தது. அவருடைய ஆள்காட்டி விரல் மட்டும் தானாக எழுந்து, சீமாட்டியின் கன்னத்தில் ஓடும் முகவாருக்கு அடியில் நுழைந்து, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.